தூணுக்கு விலை கேட்கிறார்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் ஏழு பேர். ஒரு வியாபாரி வளவுத் (நடு முற்றத்துத்) தூண்களுக்கும் பழைய சாமான்களுக்கும் விலை பேசுகிறார். “எப்படியும் விழப்போகிற வீடு, கிடைத்தவரை லாபம்” என்கிறார் அண்ணன். விவரம் தெரிந்தவர் என்று இருப்பது பக்கத்து ஊரில் இருக்கும் அப்பத்தா மட்டும்தான். எனக்கு விற்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, திருச்சி

பதில்: அண்ணன் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக்குச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? ஆனாலும் தூணைத் தொடவிடாதீர்கள். வளவைச் சுற்றி இறங்கும் கூரையைத் தாங்குவது அந்தப் பர்மா தேக்குதான். அதை உருவிவிட்டால் மிச்ச வேலையை மழையே முடித்துவிடும். போதாததற்கு அது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. ஏழு பேரும் ஒப்புக்கொள்ளாமல் ஒருவர் விற்றால் வழக்குதான் மிஞ்சும்.

கொஞ்சம் பணம் புரண்டால் முதலில் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், பெயிண்ட் எல்லாம் அப்புறம். சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டால் அந்தச் செலவுக்கு ஆகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயர்ந்து வரும்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நானும் ஒரு பித்தளைக் குடம் வாங்கினேன். கழுத்தில் யாரோ ஒரு ஆச்சியின் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கிறது. எந்த ஊர், எந்த வீடு? கடைக்காரருக்கும் தெரியவில்லை. இன்றுவரை அதில் தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை எனக்கு. அதனால் விற்கிறீர்களோ வைத்துக்கொள்கிறீர்களோ, முதலில் மரவை (மரப் பாத்திரம்), எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, யார் கல்யாணச் சீரில் வந்தது என்று எழுதி வையுங்கள்.

பெட்டகத்தில் கிடக்கும் கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பர்மாக் கடிதம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என் கணக்கில் அவைதான் உங்கள் வீட்டின் பெரிய சொத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் தாள்களும்தான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின.

அந்த வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: தொல்பொருள் விற்க உரிமம் இருக்கிறதா? 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 வருடம் கடந்த கலைப்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கேட்டதும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டால் சரி, ஒரு தொல்லை விட்டது.

அப்பத்தாவைப் பார்க்கப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். முடிந்தால் அண்ணனையும் கூட்டிப் போங்கள்.