பேராசிரியர் தொடங்கிய கம்பெனி

கேள்வி: விமானிகள் தரையிலிருந்தே பயிற்சி பெற உதவும் கணினிக் காட்சிகளை வணிகமாக்கியவர் ஒரு பேராசிரியர் என்கிறார்களே, யார் அவர்? (வாசகர், கோவை)

பதில்: டேவிட் எவன்ஸ். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1924-ல் பிறந்த அவர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபின் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் கணினிகளை உருவாக்கும் பணியில் இருந்தார். பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். சொந்த ஊரின் யூட்டா பல்கலைக்கழகம் கணினித் துறையொன்றை அமைக்க அழைத்தபோது, திரையில் படம் வரைவதையே அதன் முதன்மை ஆய்வாக்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த, கணினி வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லாந்தை வரவழைத்து, 1968-ல் இருவர் பெயரிலும் 'எவன்ஸ் அண்ட் சதர்லாந்து' நிறுவனத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக வளாகத்தில் கைவிடப்பட்டிருந்த பழைய ராணுவக் குடியிருப்புகளே அதன் முதல் அலுவலகம்.

அக்காலத்து உழைப்பை அறிய ஒரு காட்சி போதும்: சதர்லாந்தின் மாணவர்கள் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் மேல் கோடுகள் போட்டு, அளவுகோலால் புள்ளி புள்ளியாக அளந்து, அந்த எண்களைக் கொண்டே அதைத் திரையில் எழுப்பினார்கள். (கார் சதர்லாந்தின் மனைவியுடையது!)

விமானி கைப்பிடியை அசைத்த மறுகணமே ஓடுபாதையும் திரையில் சாய வேண்டும். தாமதித்தால் பயிற்சி வீண். அந்த வேகத்துக்கெனத் தனி வன்பொருளையே விற்றது இந்நிறுவனம். அடோபி மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கும் இங்கே பணியாற்றியவர்தான். கோளரங்கின் கூரையில் விண்மீன்களைக் காட்டும் இந்நிறுவனத்தின் டிஜிஸ்டார் கருவி 1983-ல் வந்தது. எவன்ஸ் 1998-ல் காலமானார். லாபக் கணக்கைவிட, அவர் வளர்த்த மாணவர்களையே நான் பெரிதாக மதிப்பேன்.