சைக்கிள் பக்கம்: ஒரு சோடிச் சில்லா, ஒரு சில்லா?

கேள்வி: அண்ணை, என்னுடையது 8 கியர் சிமானோ கிளாரிஸ் பூட்டிய அலுமினிய ரோட் பைக். றிம் பிறேக். கிழமை நாட்களில் வேலைக்கு ஓடுவேன், ஞாயிறு விடிய நண்பர்களோடு காங்கேசன்துறை, காரைநகர், சில நேரம் புங்குடுதீவு வரை. என் நிறை 78 கிலோ. இந்த வருடம் மட்டும் பின் சில்லில் மூன்று கம்பி உடைந்துவிட்டது. சேர்த்து வைத்த காசு 50,000 ரூபா இருக்கிறது. இணையத்தில் 50 மில்லிமீற்றர் உயர றிம் உள்ள காபன் சில்லுச் சோடி ஒன்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கடன் வாங்கினால் எடுக்கலாம். எடுக்கட்டா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: எடுக்காதீர்கள் தம்பி, அதுவும் கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது காபன் அல்ல, அந்த மூன்று கம்பி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பி பாரம் தாங்காமல் உடைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில்லு உருளும்போது நிலத்துக்கு நேரே வருகிற கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து திரும்ப இறுகும். கம்பி போதிய இறுக்கத்தில் இருந்தால் அந்தத் தளர்வு அதற்கு ஒரு பொருட்டில்லை. தொய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லின் நடுக் குடமான ஹப்பின் துளையில் வளைந்து நிற்கிற அந்த முழங்கைப் பகுதி அசைந்து அசைந்து களைத்து, ஒரு நாள் பொசுக்கென்று போய்விடும். அநேகமாகப் பின் சில்லில்தான் இது நடக்கும். உங்கள் நிறையில் பெரும்பங்கு அங்கேதான் இறங்குகிறது. போதாததற்கு, பல்சக்கரங்களுக்கு இடம் விட றிம் ஒரு பக்கம் தள்ளிக் கட்டப்பட்டிருப்பதால் செயின் பக்கக் கம்பிகள் இறுக்கமாகவும் மற்றப் பக்கத்தவை தளர்வாகவும் இருக்கும். விலை குறைந்த சைக்கிள்களில் தொழிற்சாலையில் இயந்திரம் கட்டிய சில்லை அநேகமாக ஒருவரும் கையால் சரிபார்ப்பதில்லை. முதல் கம்பி உடைந்தபோது கடையில் அதை மட்டும் மாற்றித் தந்திருப்பார்கள். மற்றவையும் அதே களைப்போடுதான் நிற்கின்றன, இரண்டாவதும் மூன்றாவதும் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்று பின்னேரம் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பின் சில்லில் ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று கணீர் என்றும் அடுத்தது சத்தமே இல்லாமலும் இருந்தால் உங்கள் வருத்தம் அதுதான்.

சரி, காபனுக்கு வருகிறேன். பாரம் குறைந்தால் வேகமாக ஓடலாம் என்கிறார்கள். உங்கள் 78 கிலோவோடு சைக்கிளுக்கு ஒரு 10 கிலோ வைத்தால் 88 கிலோ. சில்லு மாற்றி 400 கிராம் குறைத்தாலும் அது மொத்தத்தில் அரை வீதம்கூட இல்லை. வெளி ஓரத்தில் சுழல்கிற பாரம் வேகம் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும் என்பது உண்மைதான், அப்படிப் பார்த்தாலும் ஒரு வீதத்துக்குக் கீழே. ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவும் இல்லை. நுவரெலியாவில் ஏற்றம் மிதிக்கிற ஆளுக்கு அந்த 400 கிராம் கொஞ்சமாவது உதவும். எங்கள் குடாநாட்டில் ஏற்றம் எங்கே இருக்கிறது? பாலத்துக்கு ஏறுவதுதான் ஏற்றம்.

எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான். உயர றிம் காற்றை வெட்டும் என்பதில் பொய் இல்லை. ஆனால் சமதரையில் ஓடும்போது காற்றுத் தடையின் பெரும்பகுதி உங்கள் உடம்பால் வருகிறது. ஹாண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்து முழங்கையை மடித்துக் குனிந்தால் கிடைக்கிற லாபத்தை எந்தச் சில்லும் தராது. இதில் உயர றிம்முக்கு இன்னொரு குணமும் உண்டு. சோளகக் காலத்தில் பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைப் பாலத்திலோ நீங்கள் ஓடியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல்நீர், மறைக்க ஒரு பனைகூட இல்லை, காற்று குறுக்கே வந்து அடிக்கும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறவர்களிடம் கேளுங்கள், விரிந்த பரப்பைக் காற்று எப்படிப் பிடித்து இழுக்கும் என்று. 50 மில்லிமீற்றர் முன் றிம்மை அந்தக் காற்று பிடித்துத் திருப்புகிற நேரம் பின்னால் ஒரு மினிபஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? றிம் பிறேக்குக்கு வருகிற காபனில் மழைக்குப் பிடிப்பும் அலுமினியம் மாதிரி உறுதியாக இராது, அதற்கென்று தனியான பிறேக் கட்டையும் வாங்க வேண்டும். மாரியில் வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கு இது சரிவராது.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பெயர் பெற்ற நிறுவனத்தின் குறைந்த கம்பிச் சில்லு ஒரு சோடி வாங்கினேன். பார்க்க அவ்வளவு வடிவு. முன்னுக்கு 18 கம்பி, பின்னுக்கு 20. புங்குடுதீவுத் தாம்போதியில் பின் சில்லில் ஒரு கம்பி உடைந்தது. 32 கம்பிச் சில்லில் ஒன்று போனால் பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வீட்டுக்கு ஓடி வரலாம். 20 கம்பியில் ஒன்று போனதும் றிம் நெளிந்து சட்டகத்திலேயே உரசத் தொடங்கிவிட்டது, உருட்டவும் முடியவில்லை. வேலணை வரை பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே நடந்தேன், பிறகு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் ஏற்றி வந்தார். அதற்குப் பிறகுதான் பெரிய கரைச்சல். அந்தக் கம்பி வேறு ஒன்றிலும் பொருந்தாத வடிவம், யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. கனடாவில் இருக்கிற மச்சான் தேடி வாங்கி அனுப்ப ஏழு கிழமை போனது. ஒரு கம்பிக்கு ஏழு கிழமை! அன்றிலிருந்து சில்லு வாங்க யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, ‘இதில் ஒரு கம்பி உடைந்தால் உங்கள் ஊர்க் கடையில் மறுநாள் போட முடியுமா?’ என்பதைத்தான்.

வீட்டில் அப்பப்பாவின் பழைய ராலே, ஹம்பர் ஏதாவது மூலையில் நின்றால் கம்பியை எண்ணிப் பாருங்கள். முன்னுக்கு 32, பின்னுக்கு 40 இருக்கும். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களின் வழக்கம் அது. பாரம் எங்கே விழும் என்று தெரிந்து கட்டிய கணக்கு. தொண்ணூறுகளில் பெற்றோல் வராமல் இருந்த காலத்தில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் இந்தச் சில்லுகளில்தான் போனார்கள், அந்தக் காலத்தில் கம்பி பின்னப் பழகிய கைகள் சில இன்னும் எங்கள் ஊர்க் கடைகளில் இருக்கின்றன. 50,000 ரூபாவில் நீங்கள் வாங்கக்கூடிய பெறுமதியான பொருள் அந்தக் கைவேலைதான் என்பது என் எண்ணம்.

அதனால் நான் சொல்வது, சோடி வாங்க வேண்டாம். முன் சில்லு நெளிவில்லாமல் ஓடுகிறது என்றால் அதைத் தொடாதீர்கள். பின் சில்லை மட்டும் புதிதாகக் கட்டுங்கள். ஹப்புக்கு சிமானோ தியாக்ரா தரம் தாராளம், 32 துளை. அதற்குள் கூம்பும் கிண்ணமும் எஃகுக் குண்டுகளும்தான், இரண்டு ஸ்பானர் இருந்தால் எங்கேயும் கழற்றிக் கிறீஸ் பூசலாம். றிம் அலுமினியம், உள் அகலம் 17 அல்லது 18 மில்லிமீற்றர். டிடி சுவிஸ் ஆர் 460 மாதிரி ஒன்று போதும், அதன் நிறை 460 கிராம் அளவு. கம்பி நடுவில் மெலிந்தது, அதாவது இரண்டு முனையிலும் 2.0, நடுவில் 1.8 மில்லிமீற்றர். மெலிந்தது பலவீனம் என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த மெல்லிய நடுப்பகுதி இழுபட்டுக் கொடுப்பதால்தான் கம்பியின் முழங்கை களைக்காமல் இருக்கிறது. கம்பியை றிம்மில் திருகிப் பிடிக்கிற நிப்பிள் பித்தளையாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அலுமினிய நிப்பிள் சில கிராம் குறைவுதான், ஆனால் எங்கள் உப்புக் காற்றில் ஒரு மாரி போனதும் வெள்ளைத் தூள் பூத்து இறுகிவிடும், நெளிவு எடுக்கத் திருகினால் கையோடு உடைந்து வரும்.

8 கியர் கசெட், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, புதிய ஹப்பில் ஏறுமா என்று யோசிப்பீர்கள். இப்போது வருகிற ஹப்கள் 11 கியருக்கு அளவானவை, கசெட் ஏறுகிற உடல் கொஞ்சம் நீளம். 1.85 மில்லிமீற்றர் வளையம் ஒன்றை முதலில் போட்டுவிட்டு உங்கள் கசெட்டை ஏற்றினால் சரியாக இருக்கும். ஹப் வாங்கும்போதே அந்த வளையம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சின் அகலம் 130 மில்லிமீற்றர். கம்பியின் நீளம் றிம்மையும் ஹப்பையும் பொறுத்தது, செயின் பக்கத்துக்கு ஒரு நீளம், மற்றப் பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டு சாமானும் கைக்கு வந்து, கட்டுகிறவர் அளந்து சொன்ன பிறகு கம்பி எடுங்கள். கட்டி முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் இறுக்கிப் பிழியச் சொல்லுங்கள், டிக் டிக் என்று முறுக்கு விடுபடுகிற சத்தம் கேட்கும். நூறு கிலோமீற்றர் ஓடியதும் திரும்பக் கொண்டுபோய் ஒருக்காச் சரிபாருங்கள்.

கட்ட ஆள் இல்லை, கட்டாயம் கட்டிய சோடிதான் வேண்டும் என்றால் சிமானோ ஆர்எஸ் 100 போன்ற சாதாரண அலுமினியச் சில்லு இருக்கிறது, சோடி ஏறத்தாழ 1.9 கிலோ, 8 கியரும் ஏறும். அது என் இரண்டாம் தெரிவு.

மிஞ்சுகிற காசில் ரயர் வாங்குங்கள். உண்மையைச் சொன்னால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் உழக்கும்போது உணரப்போகிற வித்தியாசம் சில்லில் வருவதைவிட இதில்தான் கூட வரும். சைக்கிளோடு வந்த கம்பி விளிம்பு ரயரைக் கழற்றிவிட்டு மடிக்கக்கூடிய நல்ல ரயர் ஒரு சோடி போடுங்கள். பிறேக்குக்கும் சட்டகத்துக்கும் இடையில் இடம் இருந்தால் 28 மில்லிமீற்றர், இல்லையென்றால் 25. 28 போட்டால் உங்கள் நிறைக்குப் பின்னுக்கு 80 பிஎஸ்ஐ அளவு, முன்னுக்கு அதில் 5 குறைவாக. கல்லுப் போல அடித்துவிட்டு ஓடினால் வேகம் என்று நினைக்காதீர்கள், எங்கள் ஒழுங்கைகளில் அது துள்ளித் துள்ளி வேகத்தைக் குறைக்கும்.

கேள்வி: பாவித்த ஜப்பான் ரேசிங் சைக்கிள் ஒன்று வாங்கினேன், இரும்புச் சட்டகம். றிம் துருப்பிடித்ததால் 700சி சில்லு ஒரு சோடி நண்பியிடம் வாங்கிப் பூட்டப் பார்த்தேன். முன்னுக்குப் பிறேக் கட்டை றிம்மில் படாமல் ரயரில் படுகிறது. பின் சில்லு உள்ளே போகவே இல்லை. (வாசகி, சாவகச்சேரி)

பதில்: முதல் வேலை தங்கச்சி, அந்தச் சைக்கிளை ஓடாதீர்கள். ரயரில் உரசுகிற பிறேக் கெதியில் ரயரை வெட்டிவிடும். பழைய ரயரின் பக்கத்தில் ‘27 x 1¼’ என்று இருந்திருக்கும், பாருங்கள். அந்த றிம்மில் ரயர் உட்காருகிற விட்டம் 630 மில்லிமீற்றர், 700சி என்றால் 622. ஆகவே பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். பிறேக் கையில் கட்டை பூட்டுகிற நீளத் துளையில் இன்னும் இடம் இருந்தால் இறக்கினால் போதும், இல்லையென்றால் கை நீளமான பிறேக் வேண்டும்.

பின் சில்லு போகாததற்குக் காரணம், பழைய சட்டகத்தில் பின் அச்சுக்கான இடைவெளி அநேகமாக 126 மில்லிமீற்றர், நீங்கள் வாங்கியது 130. இரும்புச் சட்டகத்தை அனுபவம் உள்ளவர் இரண்டு பக்கமும் சமமாக விரித்துத் தரலாம். அலுமினியம் என்றால் நான் ‘தொடவே வேண்டாம்’ என்றிருப்பேன்.

அத்தோடு, நண்பியின் றிம்மைப் பிறேக் படுகிற இடத்தில் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தால் மணலும் பிறேக் கட்டையும் அதைத் தின்று முடித்துவிட்டன, காற்று அடிக்கும்போதே வெடிக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து அண்ணா டிஸ்க் பிறேக் சில்லு ஒரு சோடி கொண்டு வருகிறார். என் றிம் பிறேக் சைக்கிளுக்குப் போடலாமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: முடியாது. அதில் பிறேக் கட்டை பிடிக்கிற விளிம்பு இல்லை, பின் அச்சும் 135 அல்லது 142 மில்லிமீற்றர், றிம் பிறேக் ரோட் பைக்கில் அது 130. அவர் விமானம் ஏறமுன் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக 700சிக்கு ஏற்ற, மெல்லிய வால்வு உள்ள ரியூப் ஆறு ஏழு கொண்டுவரச் சொல்லுங்கள். ரோட் பைக் றிம்மின் வால்வுத் துளை சின்னது, ஊர்க் கடையில் சாதாரணச் சைக்கிளுக்கு விற்கிற ரியூப்பின் வால்வு அதற்குள் போகாது.