ஃப்ரிட்ஜுக்கு கேஸ் போடுவதற்கு முன்...

எங்கள் டபுள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் உறைகிறது. கீழ்த்தட்டில் வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. மெக்கானிக் கேஸ் போடச் சொல்கிறார். போடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

அவசரப்படாதீர்கள். கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோவதல்ல. எங்காவது கசிந்தால்தான் குறையும். குறைந்திருந்தால் பெரும்பாலும் ஃப்ரீசரிலும் குளிர் விட்டுப்போயிருக்கும். உங்களுக்கு மேலே உறைகிறது என்றால், அந்தக் குளிர் கீழே வரவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) மாடலில் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் குளிரூட்டும் காயில் இருக்கும். அங்கிருந்து ஒரு ஃபேன்தான் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். ஹீட்டர், பைமெட்டல் (குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச்), உருக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் டைமர் மூன்றில் ஒன்று போனாலும் பனி மூடிக் காற்றுவழி அடைத்துக்கொள்ளும்.

பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். அடியில் பழைய துணி போடுங்கள். மறுபடி ஓடவிட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் பழைய கதையே திரும்பினால் டிஃப்ராஸ்ட் (பனி உருக்கும்) பாகங்களில்தான் பழுது. பனி உருகிய பிறகும் குளிரவில்லையா? கம்ப்ரஸர் ஓடும்போது ஃப்ரீசர் கதவைத் திறந்து, ஓரத்திலுள்ள டோர் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் சத்தம் கேட்க வேண்டும்.

பைமெட்டலை மாற்றச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் 'ஓப்பன்' (மின்இணைப்பு இல்லை) என்றே காட்டும். ஃப்ரீசரில் நன்கு குளிரவைத்த பிறகுதான் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமலே நல்ல பாகத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. ஏன்?
- வாசகர், கரூர்

உருகிய நீர் பின்னால் கம்ப்ரஸர் மேலுள்ள தட்டுக்குப் போகும் துளை அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை அந்தத் துளையில் மெதுவாகச் செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

சிங்கிள் டோர் ஃப்ரீசரில் ஐஸ் இறுகிவிட்டது. கத்தியால் பெயர்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

கூடவே கூடாது. அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. கத்திமுனை பட்டால் ஓட்டை விழும். இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது, தீப்பற்றக்கூடியது. 'உஸ்' என்று சத்தம் வந்தால் அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ஐஸ் அரை சென்டிமீட்டர் ஏறும்போதே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டால் கத்திக்கே வேலை வராது.