உருகும் உலோகத்துக்குள் எக்ஸ்ரே எதற்கு?

உலோக 3டி அச்சில் லேசர் உலோகத்தை உருக்குவதைப் பார்க்க அதிவேகக் கேமரா போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கேமராவுக்கு மேற்பரப்புதான் தெரியும், கோளாறு நடப்பது உள்ளே.

லேசர் பட்ட இடத்தில் உலோகம் ஆவியாகிறது. அந்த ஆவியின் அழுத்தம் உருகிய திரவத்தைத் தள்ளி, ஒடுங்கிய ஆழமான குழியை உண்டாக்கும். வெல்டிங்கில் இதைக் 'கீஹோல்' (சாவித்துளை) என்பார்கள். ரொம்ப ஆழமானால் குழி நிலைகொள்ளாமல் ஆடும். அடிநுனி துண்டாகிக் குமிழாகிவிடும். உலோகம் உறைந்ததும் குமிழ் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பின்னால் விரிசல் தொடங்க அது போதும்.

சிகாகோ அருகே ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் உள்ள சின்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களை ஒளிவேகத்துக்கு நெருக்கமாகச் சுழலவிடும் இயந்திரம், தரும் மிகப் பிரகாசமான எக்ஸ்ரே, மெல்லிய டைட்டானியக் கலவைத் தகட்டை ஊடுருவிப் போகும். குழியில் ஆவி தவிர அடர்ந்த உலோகம் இல்லாததால் அது படத்தில் தனியாகத் தெரியும். நொடிக்குப் பல்லாயிரம் படங்கள்! இப்படிப் படமெடுத்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் என்னை வியக்கவைத்தது இதுதான்: 3டி அச்சில் வழக்கமாகப் பயன்படும் லேசர் திறன், வேக அளவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கீஹோல் இருந்தது.