ழான் வில்பிரோ-பவர்: போஸ்டரில் திருத்த வேண்டிய இடம்

வணக்கம். “ஆர்கோநாட் துறவி நண்டு போல வேறொன்றின் ஓட்டுக்குள் குடியேறுகிறது என்று ழான் கண்டுபிடித்தார்” என்று பள்ளிப் போஸ்டரில் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் அடித்துவிட்டார், ஏனென்று புரியவில்லை என்கிறீர்கள். ஆசிரியர் செய்தது சரி. அது, பிரெஞ்சுக் கடலுயிர் ஆய்வாளரான ழான் தகர்த்த பழைய நம்பிக்கை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஆர்கோநாட் ஒரு பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). நத்தையின் உடல் தசையால் ஓட்டோடு ஒட்டியிருக்கும். இதற்கு அந்தப் பிடிப்பே கிடையாது. அதனால் ஓடு திருட்டுப் பொருள் என்றே பலரும் நினைத்தார்கள்.

சிசிலியின் மெசினாவில் ழான் அவற்றை உயிரோடு வளர்த்துப் பார்த்தார். 1832இல் இதற்காகவே கண்ணாடித் தொட்டி செய்தார். கடலில் இறக்கி நங்கூரமிடும் கூண்டும் வைத்திருந்தார். ஓட்டை உடைத்துவிட்டுக் கவனித்தபோது, பெண் ஆர்கோநாட் தன் இரண்டு கைகளிலுள்ள அகன்ற சவ்வை உடைந்த இடத்தின்மேல் போர்த்தி, சுரப்பால் அடைத்தது. முட்டையிலிருந்து வளர்த்தும் பார்த்தார்: குஞ்சு ஓடில்லாமல்தான் பிறக்கிறது, பிறகே கட்டிக்கொள்கிறது. உங்கள் போஸ்டரின் நடுவில் இந்தச் சோதனையைப் படமாகப் போடுங்கள், அவ்வளவு அழகான சோதனை!

ஓடு கட்டுவது பெண் மட்டும்தான், அதையும் குறிப்பிடுங்கள். ஆண் மிகச் சிறியது, அதற்கு ஓடு இல்லை.

ழானின் பிறப்பு 1794, பிரான்ஸின் ஜூயாக். மறைவு 1871, அதே ஊர். 1838இல் கப்பல் மூழ்கி அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. குறிப்புகள் குறைவாகக் கிடைப்பதற்கு அது முக்கியக் காரணம்.