படத்தை விலைக்கு வாங்கினேன், தைத்தது என் கை: பிறகு எதற்கு நோட்டீஸ்?

கேள்வி: நான் கை எம்ப்ராய்டரி செய்பவள். பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் ஒரு கட்டு புகைப்படங்கள் வாங்கினேன். ஒன்றில் ஜன்னலோரம் நிற்கும் ஒரு சிறுமி. பின்பக்கம் பெயரோ முத்திரையோ இல்லை. அதை ஆறு மாதம் உட்கார்ந்து துணியில் தைத்தேன். கன்னத்தில் விழும் நிழலுக்கு மட்டும் 11 சாம்பல் நிற நூல்கள். கேலரியில் அது விற்றுவிட்டது, பிரிண்ட்டுகளும் விற்கிறேன். இப்போது புகைப்படக்காரரின் மகன் என்று ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். யாரோ எடுத்த படத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்களைக் கலைஞர் என்கிறார்கள், கையால் உழைத்த என்னைத் திருடி என்கிறார்கள். அவர் அப்பாவுக்கு ஆனது ஒரு நொடி! நானே பதில் எழுதிவிடவா?

பதில்: எழுதாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கைவேலைக்கு மதிப்பு குறைந்துவிட்டது என்று நீங்கள் வருந்துவதை நான் மறுக்கவில்லை, ஆனால் வழக்கில் அதற்கு இடமில்லை. ஒரு நொடியா ஆறு மாதமா என்பது கேள்வியே இல்லை. அந்தப் படத்தின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் யாரிடம் இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. நீங்கள் வாங்கியது காகிதத்தை. பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலை வாங்கியவர் அதை அச்சடித்து விற்க முடியாது இல்லையா, அதேதான். பெயர் இல்லை என்பதாலும் உரிமை இல்லாமல் போகாது, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவோ முத்திரையோ இல்லாமலே உரிமை பிறந்துவிடும். புகைப்படத்துக்கு அந்த உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சக் காலம் எடுத்ததிலிருந்து 25 ஆண்டு; எடுத்தவர் இறந்து 70 ஆண்டு வரை கொடுக்கும் நாடுகளும் இருக்கின்றன. ஆகவே படம் எந்த ஆண்டு, எங்கே எடுக்கப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்களை நான் எச்சரிக்க வேண்டிய விஷயம். உங்கள் திறமைதான் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். என்னிடம் வரும் ஓவியர்கள், நெசவாளர்கள், சிற்பிகள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ராஜர்ஸ் – கூன்ஸ் வழக்கில், ராஜர்ஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த, ஒரு தம்பதி நாய்க்குட்டிகளை வரிசையாக மடியில் வைத்திருக்கும் புகைப்படத்தைக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் இத்தாலியக் கைவினைஞர்களைக் கொண்டு மரச்சிற்பமாகச் செதுக்கி வண்ணம் பூசவைத்தார். செதுக்கியவர்களின் திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் “புகைப்படத்தில் இருப்பதுபோலவே வர வேண்டும்” என்ற பொருளில் அவர்களுக்கு அவர் எழுதிய குறிப்புகள்தான் அவருக்கு எதிராக நின்றன, தோற்றார். அசலுக்கு எவ்வளவு நெருக்கமாகச் செய்கிறீர்களோ, நகல் என்று நிரூபிப்பது எதிர்த்தரப்புக்கு அவ்வளவு சுலபம். அந்த 11 நூல்களை நீங்கள் பெருமையோடு பதில் கடிதத்தில் எழுதினால், நிழலைக்கூட விடாமல் எடுத்தீர்கள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. படத்தைப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் வீடியோ ஏதாவது போட்டிருந்தால் அதுவும் சாட்சிதான், ஆனால் பயந்துபோய் அழிக்காதீர்கள், அழிப்பது இன்னும் மோசமான தோற்றத்தைத் தரும்.

ஒட்டுகிறவர்கள் தப்பிக்கிறார்களே என்றால், சிலர் தப்பித்திருக்கிறார்கள். புகைப்படக்காரர் பாட்ரிக் கரியூவின் படங்களை எடுத்தாண்ட கலைஞர் ரிச்சர்ட் பிரின்ஸின் 30 படைப்புகளில் 25-ஐ அதே நீதிமன்றம் 2013-ல் அனுமதித்தது. அங்கே எடைபோடப்பட்டது உழைப்பு அல்ல, அசலிலிருந்து தோற்றம் எவ்வளவு விலகியது என்பது. அந்த வழியும் 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த, ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அறக்கட்டளை வழக்கில் குறுகிவிட்டது: புகைப்படம் எதற்குப் பயன்படுமோ அதற்கே உங்கள் படைப்பையும் காசுக்குக் கொடுத்தால் ‘மாற்றிவிட்டேன்’ என்ற வாதம் மட்டும் போதாது. இதெல்லாம் அமெரிக்கத் தீர்ப்புகள், பல நாடுகளில் அனுமதி இல்லாமல் எடுத்தாள இவ்வளவு தாராளமான விலக்குகூடக் கிடையாது.

உங்கள் பலவீனமான இடம் பிரிண்ட்டுகள். துணி ஒன்றே ஒன்று. பிரிண்ட்டோ சுவரில் மாட்டும் படம், மகனும் அதையே விற்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்தபிறகு ஒன்று விற்றாலும் ‘தெரியாமல் செய்தேன்’ என்று சொல்ல முடியாது. இன்றே நிறுத்துங்கள். அப்புறம் கேலரி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘படைப்பு முழுக்க என்னுடையது, யாராவது உரிமை கோரினால் நஷ்டம் என் பொறுப்பு’ என்று ஒரு பத்தி அநேகமாக இருக்கும். வாங்கியவர் கேலரியைக் கேட்பார், கேலரி உங்களைக் கேட்கும். புகைப்படக்காரரின் குடும்பம் கேட்கும் தொகையைவிட இந்தப் பத்தியால் அதிகம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக உடனே பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் வக்கீல் மூலம் ஆதாரம் கேளுங்கள்: நெகட்டிவ் இருக்கிறதா, அதே சுருளின் மற்ற படங்கள் இருக்கின்றனவா, இவர் ஒரே வாரிசா, படம் எடுத்தபோது அப்பா ஒரு ஸ்டுடியோவிலோ பத்திரிகையிலோ சம்பளத்துக்கு இருந்தாரா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் உரிமை மகனிடம் இல்லாமலே போகலாம், அவரிடம் கொடுத்த பணம் வீண்.

ஆதாரம் சரியாக இருந்தால் சமரசம் செய்துகொள்ளுங்கள், இதை நேராகவே சொல்கிறேன். பிரிண்ட் வருமானத்தில் ஒரு பங்கு, படைப்பின் கீழே அவர் அப்பாவின் பெயர், இரண்டும் கொடுத்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். பல குடும்பங்கள் பணத்தைவிடப் பெயரைத்தான் கேட்கின்றன. ஒப்பந்தத்தில் தவறை ஒப்புக்கொள்வதாக ஒரு வரியும் வரக்கூடாது. இதுவரை விற்றதற்கும் இனி விற்பதற்கும் அனுமதி வேண்டும், இனி வழக்குப் போடமாட்டேன் என்ற விடுவிப்புக்குள் கேலரியும் துணியை வாங்கியவரும் வர வேண்டும். அவர்களை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.