மனையை விற்க வேண்டாம் அண்ணே

மேலூரிலிருந்து வந்திருந்த அண்ணனுக்கு,

நேற்று உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பதறாதீங்க, பார்த்துக்கலாம்" என்று அனுப்பி வைத்தது என் தப்பு. இப்போது நேராகவே சொல்கிறேன். நாலுவழிச் சாலையோர மனையை விற்காதீர்கள்.

தனியார் நடத்தி அரசு சம்பளம் கொடுக்கிற எய்டட் கல்லூரியில் போஸ்டிங் இருக்கிறது, 'கொடுக்க வேண்டியதைக்' கொடுத்தால் பாப்பா பெர்மனன்ட், மாப்பிள்ளையும் தேடி வரும் என்கிறார் உங்கள் மச்சினன். பெர்மனன்ட் வந்தது கல்யாணச் சந்தைக்காக இல்லை அண்ணே. நிர்வாகியின் தம்பி மகன் ஃபெயில் என்றால் ஃபெயில் என்று போட ஒரு வாத்தியாருக்குத் தெம்பு வேண்டும். அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்று 1976ஆம் வருடத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வைத்தது இந்தத் தெம்புக்குத்தான். ஊரில் அதை 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குற வேலை' என்கிறார்கள். அப்படிச் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டி உள்ளே போகிற பிள்ளை அந்தத் தெம்பை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதோடு, நிர்வாகம் ஆர்டர் கொடுத்தால் மட்டும் போதாது. கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் ஒப்புதல் வந்தால்தான் அரசுச் சம்பளம். வராவிட்டால், ரசீது இல்லாத பணத்தை எந்த வாசலில் போய்க் கேட்பீர்கள்?

பி.எட்., அரசு ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வு எல்லாம் உங்கள் வீட்டில் பேசித் தீர்த்ததுதான். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை, ஜே.ஆர்.எஃப்., அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாப்பா எம்.எஸ்சி. தாவரவியல், அதற்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாள் எழுதலாம். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100, சி பகுதிக்கு. அங்கே 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4. தப்பானால் கால்வாசி கழியும், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்கக் கூடாது. மனப்பாடம் அங்கே செல்லாது, சோதனை முடிவைக் காட்டி 'ஏன்' என்று கேட்பார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருடம். உதவிப் பேராசிரியர் தகுதியும் அதிலேயே வந்துவிடும். முதல் தடவையே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று முறை எழுத வேண்டி வரலாம். அதற்கு மனை விற்க வேண்டாம்.

பாப்பா கொண்டு வந்த நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களா? 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியில் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறாள். அப்பத்தா சொன்ன பேர், லத்தீன் பேர், தேதி. ஒரு இலைக்குக் கீழே மட்டும் பென்சிலில் 'சந்தேகம்' என்று எழுதி, பேரை எழுதாமல் விட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையைப் போய்க் காசு கொடுத்து உட்கார வைக்கப் பார்க்கிறீர்களே.

சனிக்கிழமை அவளை அனுப்புங்கள், பழைய வினாத்தாள் எடுத்து வைக்கிறேன். மச்சினன் வர வேண்டாம்.